இருபது மில்லி வெள்ளை

குப்பியின் கழுத்தை முறித்ததும்
கையுறையில் ஒரு சொட்டு.
சிஸ்டர் இதைப் பால் என்கிறா.
சோயா எண்ணெய், முட்டைக் கருவின் கொழுப்பு,
அதற்குள் புரொப்பொபோல்.
திறந்து நேரம் போனால் கிருமிக்கும் இது பால்தான்.

"முட்டை உங்களுக்கு ஒத்துவருமோ?"
"விடியப்புறத்தில இருந்து பட்டினி போட்டுட்டு
இப்பதான் கேக்கிறியள்" என்றார்
பாலையூற்றுக் கிறகோரி.
வலைக்கயிறு கழற்றிவிட்ட வலது கையை
இரவல் பிள்ளைபோல
இடது கையில் ஏந்திக்கொண்டு.

கொஞ்சம் எரியும்,
பத்திலிருந்து பின்னால எண்ணுங்கோ.

"எண்ணச் சொல்லாதேங்கோ டொக்டர்,
கடன்தான் ஞாபகம் வரும்.
மீன் விலை சொல்லட்டோ?
பாரை கிலோ ஆயிரத்து…"

நாக்கு அந்த இடத்திலேயே நங்கூரம் போட்டது.

தூக்கம் இல்லை இது.
தூக்கத்தில் ஆள் வீட்டுக்குள் இருக்கும்,
தட்டினால் திறக்கும்.
வலியையும் இது கொல்லாது,
அதற்கு வேறு ஊசி, முதலே போட்டாச்சு.
பதிவுத் தபால்போல வலி வந்து நிற்கையில்
கையெழுத்துப் போட்டு வாங்க
ஆளில்லாமல் செய்யும், அவ்வளவுதான்.

மூச்சு மெலிகிறது. தாடையை உயர்த்துகிறேன்.
ஒரு முழு மனிதன் என் இரண்டு விரலில்.
வீட்டில் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

டக்.
எலும்பு தன் குழிக்குத் திரும்பிய சத்தம்.

நேற்று இதே மேசையில்
மூதூர் ஹப்ஸா. பதின்மூன்று கிழமை.
கருப்பையைத் துப்புரவாக்க எட்டு நிமிடம்.
கண் திறந்து கேட்டாள்: "தொடங்கிட்டீங்களா?"
முடிஞ்சுது என்றேன்.
கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.
என்னால் அழிக்க முடிந்தது
அந்த எட்டு நிமிடத்தை மட்டும்.

தீவிர சிகிச்சையில் மூன்றாம் கட்டில்,
நேவிப் பொடியன், ஆறாம் நாள்.
பம்பு சொட்டுச் சொட்டாய்த் தள்ளுகிறது.
காலையில் அதை நிறுத்தி
என் உடைந்த சிங்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
இன்று புருவம் அசைந்தது.
அல்லது எனக்கு அப்படி இருந்தது.

"…இருநூறு. குறைக்க ஏலாது."

கிறகோரி வந்துவிட்டார்.
தோளைத் தொட்டுப் பார்த்து
"எப்ப இழுக்கப் போறியள்?" என்றார்.

மிச்சம் ஐந்து மில்லியைக் கொட்டி
பதிவேட்டில் ஒப்பமிட்டு வெளியே வந்தேன்.
கேற்றடியில் ஒரு மான்
சோற்றுப் பாசல் தாளைச் சவைத்துக்கொண்டிருந்தது.
கன்ரீன்காரர் வழமைபோல பால் ரின்னைத் தூக்கினார்.

வேண்டாம் அண்ணை,
பிளேன்ரீ.