நாலு பத்தொன்பது

ரூவியில் லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான்.
மோட்டார் அறைக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன்,
இது பேரிங் தேய்ந்த முனகல்,
இது கயிறு உலர்ந்த கீச்சு,
இது ஒன்றுமில்லை, வெறும் வயசு.
என் இடது விலாவுக்குள் ஓடுவதைத்தான்
இன்னும் வாசிக்கத் தெரியவில்லை.

சூசைமாணிக்கத்துக்கு நாற்பத்தொன்று.
நாலு இருபதுக்கு அலாரம் வைத்துப் படுத்தவன்
அது அடித்தபோது அணைக்கவில்லை.
தூக்கம் கெட்ட எரிச்சலில் திட்டினேன்,
அசிங்கமான வார்த்தை. கேட்க அவன் இல்லை.
பெட்டி விமானம் ஏறியபின்
அவன் கீழ்க் கட்டில் எனக்கு வந்தது.

அன்றிலிருந்து நாலு பத்தொன்பதுக்கு விழிப்பு.
நான் அலாரமே வைப்பதில்லை.

இடப்பக்கம் படுத்தால் தலையணைக்குள் அடிக்கிறது.
வலப்பக்கம் புரண்டால் கேட்கவில்லை.
கேட்கவில்லையே என்று மறுபடி இடப்பக்கம்.
வாயுவா, நெஞ்சா?
இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு
ஒரே ஒரு ஏப்பத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன்.
வந்தால் கடவுள் உண்டு.

மணிக்கட்டில் விரல். தொண்ணூற்றெட்டு.
எண்ண எண்ண நூற்றுப் பத்து.
எண்ணுவதால்தான் ஏறுகிறது என்று தெரியும்.
தெரிந்ததும் நூற்றுப் பதினாறு.

ஈசிஜி மூன்று முறை எடுத்தாயிற்று.
மூன்றாம் முறை அந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்
என் பெயரைக் கேட்காமலே எழுதினாள்.
மலையாளி டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்து
"பேடிக்கண்டா, இது குதிரை" என்றார்.
முதல் நார்மல் பதினோரு நாள் தாங்கியது.
இரண்டாவது ஆறு.
மூன்றாவதை வேன் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தேன்,
பயம் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ள.
ஜூலை வெயிலில் தாள் முழுக்கக் கறுத்துவிட்டது,
மேடும் பள்ளமும் ஒரே இருட்டாக.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"
வீடியோவில் இசக்கி.
"ஏசி காத்து" என்கிறேன்.
பக்கென்றது, திக்கென்றது, அடைத்தது, பதறியது.
எங்கள் பேச்சில் பயத்துக்கு
நெஞ்சைவிட்டால் வேறு வாடகை வீடில்லை.
கதவைத் தட்டுவது குடியிருப்பவனா, வீட்டுக்காரனா
என்று நான் எப்படிச் சொல்ல?

நேற்று ராத்திரி ஓர் அழைப்பு.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்ற லிஃப்ட்.
உள்ளே ஒரு பெண், தனியாக.
கதவிடுக்கு வழியே குரல் வந்தது
முதலில் இந்தியில், பிறகு வெறும் மூச்சில்:
பய்யா, நெஞ்சு நிற்கிறது, செத்துவிடுவேன்.

முட்டி போட்டு இடுக்கில் வாய் வைத்தேன்.
தெரிந்த இந்தி அத்தனையும் சேர்த்து,
'அக்கா' மட்டும் தமிழில் வந்துவிட்டது.
அக்கா, இது விழாது.
ஐந்து கயிறு இருக்கிறது, உங்களுக்கு ஒன்றே போதும்.
கரண்ட் போனால் பிரேக் விடாது, கடித்துப் பிடிக்கும்.
சந்தேகம் வந்தால் நிற்கிற மாதிரிதான்
இதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.
காற்று வரும். மூச்சை இழுக்காதீர்கள், விடுங்கள்.
பட்டன்களில் உள்ள எண்ணைச் சத்தமாக வாசியுங்கள்.

ஏக். தோ. தீன்.
பதினொன்று வரை போய்த் திரும்பி இறங்கினாள்,
மறுபடி ஏறினாள்.
இருபது நிமிடம்.
தூக்கிவிட்டபோது அவள் கை
என் ஸ்பேனரைவிடக் குளிர்ந்திருந்தது.
நன்றி எதுவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படி வழியாகவே போய்விட்டாள்.

அந்த இருபது நிமிடமும் நான் நாடி பார்க்கவில்லை.
வேனில் ஏறியதும் நினைவு வந்தது.
நினைவு வந்ததும் அது குதித்தது.

இப்போது நாலு பத்தொன்பது.
இடப்பக்கம். ஓடிக்கொண்டிருக்கிறது.
மேல் கட்டிலில் புதுப் பையனின் குறட்டை.
சுவரோடு வாய் வைத்துச் சொல்கிறேன்,
அக்கா, இது விழாது.
என்னை நானே அக்கா என்றதில் சிரிப்பு வருகிறது,
சிரிப்பில் கட்டில் கொஞ்சம் ஆடுகிறது.
முழுதாக நம்பவில்லை. நம்பாமலே எண்ணுகிறேன்,
ஏக், தோ, தீன்.
ஏழாம் மாடிக்கருகில் எங்கேயோ
நாலு இருபது
அடிக்காமல் கடந்து போயிருக்கிறது.