ஏழாவது கலம்

தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில்
ஏழாவது கலம்: உயிரோடுள்ள குழந்தைகள்.
பென்சிலால் எழுதுங்கள், எண் மாறும் என்றார்கள் பயிற்சியில்.
தேவனாம்பட்டினம் முழுக்க
பேனாவால் எழுதினேன்.
இருபத்தாறு வயது எனக்கு. கையெழுத்து நன்றாக இருக்கும்.

மார்ச் மாதம். ஆண்டு இலக்குக்கு
இன்னும் பதினொரு கேஸ் பாக்கி.
அஞ்சலாட்சிக்கு ஆண் ஒன்று பெண் ஒன்று.
வலையில் கிழிசல் முடிந்தபடி கேட்டாள்:
"ரெண்டும் நிக்குமா நர்சம்மா?"
தடுப்பூசி அட்டையை விரித்துக் காட்டி
நிக்கும் என்றேன்.

பொய்யில்லை அது.
அதே தெரு வேம்புவை ஆறாவது பேற்றில்
ஜிப்மருக்கு ஏற்றிப்போய்
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டுமுன் இழந்தவள் நான்.
ரத்தம் ஐந்து கிராம்.
வண்டிக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகள் ஓடி வந்தன,
கடைசிக்கு முந்தியது அம்மணமாக.
ஜனத்தொகை என்று யார் சொன்னாலும்
எனக்குக் கேட்பது
விடிகாலை நாலு மணிக்கு ஒற்றைக் குழாயடியில்
நாற்பது குடம் உரசும் சத்தம்.
ஒரே படகில் அண்ணன் தம்பி ஐவர்,
பங்கு பிரிக்கையில் ஆளுக்கு ஒரு கை மத்தி.

முகாம் பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகளை வெளியே அடுக்கியிருந்தார்கள்.
தையல் பிரித்த அன்று
அஞ்சலாட்சிக்கு ஒரு சிவப்பு வாளி கொடுத்தோம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு.

வாளி கிடைத்தது,
சவுக்குத் தோப்பில், கைப்பிடி இல்லாமல்.

நிவாரணப் பட்டியலுக்காக
ஏழாவது கலத்தைத் திருத்தச் சொன்னார்கள்.
இரண்டை அடித்துச் சுழி போட்டேன்.
அடித்த பிறகும் இரண்டு தெரிந்தது.
கலம் என்றால் படகும்தான்.
அந்த வழியில் நான் மேலே யோசிப்பதில்லை.

பிறகு ஆணை வந்தது:
பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு
வெட்டிய குழாயை அரசு செலவில் இணைக்கலாம்.
அதே ஜீப். முன்சீட்டில் நான்.
பின்னால் நான்கு பெண்கள், மடியில் துணிப்பை.
ஆஸ்பத்திரிச் சுவரில் முக்கோணம் உரிந்து
இரண்டு பக்கம் மட்டும் மிச்சம்.
அஞ்சலாட்சி இந்த முறை எதுவும் கேட்கவில்லை.
இறங்கும்போதுதான் சொன்னாள்,
"முடிச்சு போட்டதும் நீங்க, அவுக்கறதும் நீங்க.
நாங்க நடுவுல கயிறு."

நால்வரில் ஒருத்திக்குத்தான் தரித்தது.
இவள் இல்லை.

ஓய்வு பெற்று மூன்றாண்டு.
போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம்.
வாழ்த்த எழுந்தவர் மைக்கைப் பிடித்து
நாம் குறைத்தோம், நம் தொகுதி குறையப்போகிறது,
மணமக்கள் நாலாவது பெறவேண்டும் என்றார். கைதட்டல்.
அடுத்து வந்த பேராசிரியர்
நிலத்தடி நீரில் தொடங்கி
பூமி தாங்காது என்று முடித்தார்.
அதற்கும் கைதட்டினார்கள், அதே ஆட்கள்.
மணப்பெண் மாலைக்குள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

பந்தியில் என் பக்கத்து இலை அஞ்சலாட்சி.
காது கொஞ்சம் மந்தம் இப்போது.
ரசத்துக்குச் சோற்றைக் குழி பறித்தபடி
என் பக்கம் சாய்ந்து,
துறைமுக ஏலத்தில் கூடைக்கு விலை விசாரிக்கும் குரலில்
கேட்டாள்:

"இப்ப எத்தனை கேக்கறாங்க?"