குடை பிடித்த பொடியன்

உரிமைக்காலம் முடிந்த படங்கள் மலிவு.
மலிவு என்ன, சும்மா.
ஆதலால் சிற்சபேசன் ஹாட்வெயார்ஸின்
புதுவருசக் கலண்டருக்கு
ஒரு கார்த்திகை மழையிரவில்
பன்னிரண்டை இறக்கினேன்.

எல்லாம் திருகோணமலை. எல்லாம் கறுப்பு வெள்ளை.
எல்லாம் கொஞ்சம் பைத்தியம்.

சுறாவுக்குத் தொப்பி வைத்து
வாயில் சுருட்டும் செருகித்
தோள் இருக்கவேண்டிய இடத்தில் கைபோட்டு
ஐந்து மாலுமிகள்;
ஆறாவது ஆள்போல அதுவும் கமராவைப் பார்க்கிறது.

கன்னியாவில் ஒரு துரைசானி
ஏழு கிணற்றில் ஒன்றுக்குள்
நூலில் கட்டி முட்டை இறக்குகிறா.
வேகாது அம்மணி,
அந்தத் தண்ணீர் அவ்வளவு கோபக்காரி இல்லை.

கோட்டையில் ஒரு பீரங்கி.
அதன் வாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பூனை,
பக்கத்துக் காவற்காரனைவிடக் கடமையோடு.

ஜனவரிக்கு இது:
உள்துறைமுகத்து மரப்பாலம்.
செம்புத் தலைக்கூடும் ஈயச் சப்பாத்துமாய்
முக்காலியில் ஒரு சுழியோடி.
மழை.
இன்னும் சற்று நேரத்தில் கடலுக்குள் குதிக்கப் போகிறவன்
நனையாதிருக்கக்
குடை பிடிக்கிறான் ஒரு பொடியன்.
தலைக்கூட்டின் மேல் காகம்.

படத்தின் கீழே
தலைக்கூட்டின் இலக்கம் உண்டு,
கப்பலின் பெயர் உண்டு,
காற்றுப் பம்பு செய்த கம்பெனியின் விலாசம் உண்டு.
பொடியனுக்கு ‘உள்ளூர்ப் பையன்’.
காகத்துக்கு அதுவுமில்லை.

தை பிறக்கமுன்னமே
திருக்கடலூரிலிருந்து பரிமளகாந்தி அக்கா வந்தா.
“காதைப் பாரும் தங்கச்சி.
எங்கட ஆக்களின்ர காது.
காத்தடிச்சால் பாய்மாதிரி விரியும்.”
அவவின் காதைப் பார்த்தேன்.
மறுக்க முடியவில்லை.

ஜமாலியாவிலிருந்து ஹிதாயத்துல்லா.
“இடக்கையால குடை பிடிக்கிற பரம்பரை நாங்க”
என்று சொல்லி
என் பில் புத்தகத்தின் பின்மட்டையில்
இடக்கையால் கையெழுத்தும் வைத்துக் காட்டினார்.

சீனன்குடா விமலரத்ன
குடையையே கொண்டுவந்தார்.
பேப்பரில் சுற்றியிருந்தது. துணியில்லை,
பிடியும் ஏழு கம்பியும்.
“நங்கி, இது எங்கட சீயாட குடை.”
படத்தில் எட்டுக் கம்பி, எண்ணிக் காட்டினேன்.
“ஒண்டு மீன் சுட எடுத்தது” என்றார்
கண் இமைக்காமல்.

மூன்று பேரும் ஒரே வெள்ளிக்கிழமை
கடைக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள்.
கரண்டும் போனது.
போன் வெளிச்சத்தில்
காதும் கையும் கம்பியும் வாதாட,
பிளேன்ரீ ஊற்றியபடி நான் சொன்னேன்:
இது ஒருத்தருக்கும் சொந்தமில்லாத படம்,
அப்படித்தான் போட்டிருக்கு.
திரும்பிப் பார்த்தார்கள் மூவரும்,
முதல்முறையாக ஒரே பக்கம் நின்று.
இந்த ஊரில் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு
யாரும் சும்மா வீடு போனதில்லை.

சிற்சபேசனுக்கு அழைத்துச் சொன்னேன்.
“மூண்டு பேரும் சீமெந்து வாங்கினவையோ?” என்றார்.
பிறகு, “இன்னும் முந்நூறு அடியும்.”

உள்ளே இருப்பவன் யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அன்றிரவு தலைக்கூட்டின் கண்ணாடியைப் பெருப்பித்தேன்.
முகமில்லை.
கமராவின் மூன்று கால் தெரிந்தது,
அதன் பின்னால் வரிசையாய் ஏழெட்டுத் தலைகள்.
குடைக்குக் காத்து நின்றார்களோ,
வேடிக்கைக்கோ.
இன்னும் பெருப்பித்தேன்;
எல்லாரும் சதுரம் சதுரமாய் உடைந்தார்கள்.

காலையில் கடைச் சுவரில்
மாதிரிக்கு ஒட்டிய ஜனவரியை
பஸ் நிலையப் பக்கத்து மான் ஒன்று
ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது.
பசைக்காகத்தான்.
முதலில் கடல், பிறகு முக்காலி,
பொடியனின் கால், குடைப்பிடி, காது.
விரட்டப் போனவள் நின்றுவிட்டேன்,
அதன் வாயிலிருந்து
சிற்சபேசனின் தொலைபேசி இலக்கம்
ஆடிக்கொண்டிருந்தது.

மிச்சம் காகம்.
அதைக் கேட்டு இன்னும் ஒருவரும் வரவில்லை.