இருபது லீற்றர் இரத்தம்

தை பிறந்தும் வாடை ஓயவில்லை.
நிலாவெளி வீதியில் பாதித் தண்ணீர்.
வருடாந்தப் பொருட்கணக்கெடுப்புக்கு
நிர்வாகக் கட்டடத்திலிருந்து
குடையோடு நடந்து வந்தார் குணராசசிங்கம்.
மேல்மாடிக்கு இருபத்திரண்டு படி,
இரண்டு தரம் நின்றார்.
கையில் நீலப் பதிவேடு.

"துடிப்புப் பம்பி, ஒன்று."
இருக்கு ஐயா. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.
நூற்றிருபதுக்கும் ஓடும்,
ஆனால் வால்வின் றப்பர் வளையம்
சீனக்குடாவில் மோட்டார் சைக்கிள் கடையில் வாங்கினது.
அதை யோசித்து மெல்ல ஓட்டுகிறோம்.

"லேசர், ஒன்று. பாதுகாப்புக் கண்ணாடி, ஆறு."
லேசர் சரி. கண்ணாடி இரண்டு.
மற்ற நான்கின் பிணைச்சல் ஆணிகளை
உப்புக்காற்றுத் தின்றுவிட்டது.
காற்றின் பெயரை எழுத
அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

"வேகக் கமரா?"
விநாடிக்கு இரண்டாயிரம் படம்.
அந்த ஒரு விநாடியைப் பிரித்துப் பார்க்க
எங்களுக்கு ஒரு கிழமை போகும்.

"கணினி, பதினாறு."
ஒரே இறாக்கையில் பதினாறும் நிற்கின்றன,
உயிரோடு பதினொன்று.
ஐந்தின் நினைவகத்தைக் கழற்றி
மற்றவற்றுக்குப் போட்டோம்.
தொடாதீர்கள் ஐயா, றிஸ்மினாவின் கணக்கு ஓடுகிறது.
ஒரே ஒரு இதயத்துடிப்பு,
கணக்கிட்டு முடிக்க அறுபத்தொரு மணித்தியாலம்.
போன கிழமை ஐம்பத்தெட்டில் கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினாலு நிமிடம் தாங்கியது.
சேமித்த கோப்பு பாதியில் உடைந்து கிடந்தது.
கிண்ணியாப் பாலம் கடந்து மழையில் ஸ்கூட்டியில் வந்தவள்
ஒருவரையும் ஏசவில்லை;
முகத்தைக் கழுவிவிட்டு
பூச்சியத்திலிருந்து தொடங்கினாள்.

அவர் பக்கம் புரட்டினார்.
"இரத்தம், இருபது லீற்றர்."
பேனை நின்றது.

கிளிசரினும் தண்ணீரும் ஐயா,
நாற்பதுக்கு அறுபது. இரத்தத்தின் தடிப்பு வரும்.
கொள்வனவுப் படிவத்தில் யாரோ
'செயற்கை' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள்.

"இப்ப எங்கே?"

பூஞ்சணம் பிடித்தது. ஊற்றிவிட்டோம்.

"கடிதம்?"

இல்லை.

ஏசியின் தண்ணீர் வாளிக்குள் சொட்டியது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இருபது லீற்றர் இரத்தம். காணவில்லை. கடிதம் இல்லை.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அப்படி ஒரு வசனத்தை
நான் எழுத மாட்டன் தங்கச்சி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பி மட்டும் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு.

பிறகு, பதிவேட்டில் இல்லாத குரலில்,
"அது என்ன குழாய்?" என்றார்.
சிலிக்கன் நாடி. அடைத்த இடத்தைத் தாண்ட
காலிலிருந்து எடுத்த நாளத்தைத் தைப்பார்களே,
அந்தத் தையலின் மாதிரி.

"தெரியும்" என்றார்.
வேட்டி கட்டியிருந்தால் காட்டியிருப்பார்.
காற்சட்டைக்கு மேலால்
முழங்காலிலிருந்து கணுக்கால்வரை
ஒரு விரலால் கோடு இழுத்தார்.

கண்ணாடி ஒன்றை அவருக்கும்
ஒன்றை எனக்கும் மாட்டி
விளக்கை அணைத்தேன்.
லேசர் பச்சைத் தகடாய் விரிய
மணலிலும் சிறிய கண்ணாடி மணிகள்
குழாய்க்குள் ஓடின.
தையல் வரை நேராய் வந்தவை
தாண்டியதும் வழி மறந்து
ஒரு மூலையில் சுற்றின, சுற்றின.
சில போயின. சில அங்கேயே நின்றன.

"ஏன் அதில் சுழலுது?"
அதைத்தான் பார்க்கிறோம் ஐயா.
"அது நல்லதா, கூடாதா?"
றிஸ்மினா திரும்பாமலே சொன்னாள்:
"இன்னும் பதினேழு மணித்தியாலம் பொறுங்கோ."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே
வலது கையை நெஞ்சில் வைத்ததை
இருட்டு என்று நினைத்திருப்பார்;
பச்சை வெளிச்சம் போதுமாய் இருந்தது.

விளக்குப் போட்டதும் எழுதினார்:
திரவம், இருபது லீற்றர். பாவித்து முடிந்தது.
கையொப்பம், திகதி.
படியிறங்கும்போது நிற்கவில்லை.

நாலு மணிக்குத்தான் கவனித்தேன்.
நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு
அப்படியே போயிருக்கிறார்.
பதிவேட்டில் இரண்டு.
மேசையில் ஒன்று.