மேலே போகப் பத்துத் தெத்ரி

திபிலிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
மேலே போகக் காசு கேட்கும்.
இறங்க ஒன்றும் வேண்டாம்.
இறங்குகிறவளிடம் என்ன இருந்துவிடப் போகிறது என்று
யாரோ யோசித்திருக்கிறார்கள்.

உள்ளே சுவரில் ஒரு தகர உண்டியல்.
பத்துத் தெத்ரி விழுந்தால்தான்
எட்டாம் எண் அமுங்கும்.
வந்திறங்கிய இரவில் என்னிடம்
ஐம்பது லாரித் தாள் ஒன்று,
இரண்டு பெட்டிகள், நாற்பத்தாறு கிலோ.
அமுக்கினேன். அமுக்கினேன்.
"போயேன்ப்பா" என்று கெஞ்சியும் பார்த்தேன்,
அதற்குத் தமிழ் தெரியுமென்பது போல.
பின்னாலிருந்து ஒரு கை நீண்டது,
மணிக்கட்டு வரை மாவு.
காசு விழும் சத்தம்.
நான் பெட்டியை நகர்த்தித் திரும்புமுன்
கதவு மூடிவிட்டது.

லாரிதான் இங்கே பணம்.
சம்பளம் மூவாயிரம் லாரி என்றதும்
நாமக்கல் ஷெட்டிலிருந்து தம்பி கேட்டான்:
"எல்லாம் டாரஸா, பழைய வண்டியா?"

முதல் மாதம் மினி வேனில்
என் நிறுத்தத்தைத் தாண்டித் தாண்டிப் போனேன்.
இங்கே மணி இல்லை, கயிறு இல்லை,
இறங்க வேண்டியவர் கத்த வேண்டும்,
காமிச்செரேத்!
கண்ணாடி முன் நின்று பழகினேன்.
"காமிச்சிரு" என்று ஆரம்பித்து
கடைசியில் கொஞ்சம் வளைத்தால் போதும்.
வேனுக்குள் ஏறியதும் தொண்டை அடைக்கும்.
மூன்று நிறுத்தம் தள்ளி யாராவது கத்த
அவரோடு இறங்கி
திரும்பி நடப்பேன்.

இந்த ஊரை நான் பார்த்ததெல்லாம்
அப்படித் திரும்பி நடந்ததில்தான்.
எழுத்தெல்லாம் சுழி. படிக்க வராது.
ரொட்டிக்கடை என்று நுழைந்தால் மருந்துக்கடை.
ஏமாற்றமாக இருக்கக் கூடாதே என்று
ஒரு தலைவலி மாத்திரை வாங்கினேன்.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
சிக்னலில் எனக்காக நின்றது,
பச்சை விழுந்ததும் முன்னால் போனது.
அன்று அதன் பின்னாலேயே போய்
ஆற்றைக் கண்டுபிடித்தேன்.

மாவுக் கையையும் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.
பக்கத்துச் சந்தில், நிலவறை ஜன்னலுக்குள்,
கிணறு போன்ற அடுப்பில் தலைகீழாகக் குனிந்து
ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார் ஒதார்.
பத்துத் தெத்ரியை நீட்டினேன்.
கடன் என்பதைக் கையால் எப்படிச் சொல்வது?
லிஃப்ட் போல எழும்பிக் காட்டினேன்.
அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றித் தந்து
மீதி ஒன்று நாற்பது கேட்டார்.
கொடுத்தேன்.
சூடான நுனியைக் கடித்துக்கொண்டே வந்தேன்,
வீடு வருமுன் பாதி தீர்ந்திருந்தது.

ஆறாம் மாடி லமாராவும் நானும்
இப்போது கீழே ஒருவருக்கொருவர் காத்திருக்கிறோம்.
ஒரே காசில் இரண்டு பேர்.
பத்துத் தெத்ரிக்கு ஒரு தீக்குச்சிப் பெட்டிகூட வராது,
இருந்தாலும் காத்திருக்கிறோம்.
டிசம்பரில் உள்ளங்கைகளைத் தேய்த்து
"ட்சிவா, ட்சிவா" என்பாள்.
வெகுநாள் அதைப் பக்தி என்றே நம்பி
நானும் கண்ணை மூடியிருக்கிறேன்.
குளிருகிறது என்று அர்த்தம்.

ஒரு காசுக்கு ஒரு ஓட்டம்தான்.
ஆறில் நிறுத்தினால்
எட்டுக்கு நான் இன்னொன்று போட வேண்டும்.
அவள் ஆறை அமுக்குவதில்லை.
என்னோடு எட்டு வரை வருகிறாள்,
அவளுக்குத் தெரிந்த நாலு ரஷ்ய வார்த்தை,
எனக்குத் தெரிந்த ஒன்பது ஜார்ஜிய வார்த்தை,
பையிலிருந்து எடுத்துத் திணிக்கும் ஒரு பெர்சிமன் பழம்.
நான் இறங்கியதும்
கதவு மூடும்போது கையை மட்டும் ஆட்டிவிட்டு
இலவசமாகக் கீழே போகிறாள்.

நேற்று வேனில் கத்திவிட்டேன்.
சத்தம் கொஞ்சம் அதிகம்தான்,
ஓட்டுநர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள்.
இறங்கிப் பார்த்தால்
ஒரு நிறுத்தம் முன்னாலேயே.