பத்தொன்பது புள்ளி நான்கு

ஆலை ஆய்வகத்தில் என் வேலை
ஒரு சொட்டுதான்.
கரும்புச் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் விட்டு
மூடி, வெளிச்சத்துக்குத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.
நீலமும் வெள்ளையும் பிரியும் கோட்டில்
எண் நிற்கும்.
பதினெட்டு. இருபது. சில நாள் பதினாறரை.

பதினாறரை என்றால் தெரிந்துவிடும்,
வெட்டுவதற்கு முந்தின நாள்
தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.
எடை ஏறும், இனிப்பு இறங்கும்.
"பாய்ச்சலையேம்மா" என்பார் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்
சேறு காயாத காலோடு.

போன வியாழன் என் முறை.
நெல்லிக்குப்பம் மெயின்ரோடு,
மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஒரு லேப்.
கீழே யாருக்கோ மிளகாய் அரைபட
மேலே எல்லோரும் வெறும் வயிற்றோடு தும்மினோம்.
"நூர்நிஷா, நாப்பத்தொண்ணு" என்று கூப்பிட்ட பெண்
முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி
நரம்பைத் தேடினாள்.
முந்தின இரவு நான் சோறு தொடவில்லை.
அரைச் சப்பாத்தி, வெந்தயத் தண்ணீர்.
நல்ல எண் வர வேண்டுமே!
என் காலிலும் சேறு இருந்தது.

வெறும் வயிற்றில் தொண்ணூற்றெட்டு.
சிரித்தபடி தாளை மடிக்கப் போனேன்.
"கீழ் வரியும் பாருங்கக்கா."
மூன்று மாதக் கணக்கு:
ஆறு புள்ளி ஒன்று.

"இது நேத்து ராத்திரியக் கேக்காது.
ரத்தத்துல சிவப்பணு மூணு நாலு மாசம் ஓடும்,
ஓடுற வழியில சர்க்கரை ஒட்டிக்கும்.
ஒட்டினது ஒட்டினதுதான்."

மூன்று மாதம்.
நைட் ஷிப்ட்டின் நான்காவது டீ,
பையன் மிச்சம் வைத்த புரோட்டாவின் நடுப்பாகம்,
பண்ருட்டி பஸ்ஸ்டாண்டில் இறங்காமலே
ஜன்னல் வழியாக வாங்கிய பலாச்சுளை,
நாற்காலியிலேயே விடிந்த இரவுகள்.
எதையும் நான் எழுதி வைக்கவில்லை.
எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"சுகரா எனக்கு?"
"இன்னும் இல்ல. ஆறரை வந்தா அந்தப் பக்கம்.
அஞ்சு புள்ளி ஏழுக்குள்ள இருந்தா இந்தப் பக்கம்.
நீங்க வரப்புல நிக்கிறீங்க."
பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"வயித்துல புள்ள இருந்தப்ப இருந்துச்சா?"

இருந்தது.
இளையவன் ஏழாம் மாதத்தில்,
கடலூர் பெரியாஸ்பத்திரியில்
குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வைத்தார்கள்.
பிறந்தபோது நாலு கிலோ நூறு கிராம்.
சர்க்கரை மூட்டை என்று வார்டே கொஞ்சியது.
பிள்ளை இறங்கினான், சுகரும் இறங்கியது.
வருடா வருடம் வந்து பார் என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்.
பன்னிரண்டு வருடம் நான்தான் போகவில்லை.

செவ்வழுகல் பிடித்த கரும்பு
முதலில் பச்சையாகத்தான் நிற்கும்.
தோகையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது,
நெடுக்கில் பிளக்க வேண்டும்.
அத்தா கடைசிவரை பிளந்து பார்க்கவில்லை.
அவருக்குக் கால் விரலில் தெரிந்தது.
செருப்புக் கடி என்றார்,
இரண்டு மாதம்.

இப்போதெல்லாம் ராத்திரி சாப்பிட்டதும்
கேட்டுக்கு வெளியே நடக்கிறேன்.
எடை மேடைக்குக் காத்திருக்கும் டிராக்டர் வரிசையின்
தலையிலிருந்து வால் வரை, திரும்பவும் தலை வரை.
கழிவுப்பாகு வாசனை கூடவே வருகிறது,
அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.
பாய் விரித்துப் படுத்திருந்த டிரைவர் ஒருவர்
"எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று
டார்ச் அடித்து உதவினார்.
தரையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் அவரோடு நடந்தேன்.
என்னவென்று சொல்வது?

இன்று காலை மேல்பட்டாம்பாக்கத்து லோடு.
தகட்டைத் துடைத்து இரண்டு தரம் பார்த்தேன்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
"பாத்தீங்களா, இந்தத் தடவ பாய்ச்சவே இல்ல" என்றார்.
காலைப் பார்த்தேன்,
வெறும் புழுதி.

நோட்டில் அவர் எண்ணை எழுதினேன்.
கடைசிப் பக்கத்தைத் திருப்பி
வேறு மையில் என் பெயர்,
பங்குனி பத்து என்று தேதி.
அளவு என்ற கட்டம் காலி.