இடது கால்

முதலில் பேர்ஸில்தான் பழி போட்டேன்.
பின்பொக்கற்றில் லைசென்ஸ், அடகு ரிசீற்,
சின்னவளின் பள்ளிக்கூடப் படம்,
எல்லாம் திரண்டு இடது பிட்டத்தில் கல்லுப்போல.
எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன்.
கல்லு மட்டும் அங்கேயே இருந்தது.

பிறகு சீற்றில் பழி.
கொக்குவிலில் ஒருவனிடம் குஷன் தைப்பித்தேன், மூவாயிரம்.
பிறகு வல்லை வெளியின் பள்ளங்களில்.
பிறகு, வெட்கத்தோடு, வயதில்.
நாற்பத்தாறு.

"இடுப்பு நோவெண்டால் இடுப்பில நில்லாதோ?"
எண்ணெய் பூசிக்கொண்டு சுகிர்தா கேட்டாள்.
நில்லாது.
இது யாழ்ப்பாண ஸ்ராண்டில் ஏறினால்
பருத்தித்துறையில்தான் இறங்குகிற ஆள்.
பிட்டத்தில் ஏறும், தொடையின் பின்பக்கத்தால் ஓடும்,
முழங்கால் மடிப்பில் கொஞ்சம் சுணங்கும்,
கெண்டைக்காலின் வெளிப்பக்கம் பிடித்துப்
பெருவிரலில் போய் நிற்கும்.
வலது கால் ஒன்றுமறியாத பிள்ளை.

நடந்தால் குறையும். இருந்தால் கூடும்.
இருக்கிறதுதான் என் தொழில்.

நீர்வேலியில் தூள் மில்லைக் கடக்கையில்
மிளகாய் நெடி ஏறி ஒரு தும்மல்.
அம்மாளாச்சி!
கறன்ற் வயரொன்றை இடுப்பிலிருந்து குதிக்கால்வரை
யாரோ உருவி இழுத்தமாதிரி.
பஸ்ஸில் ஐம்பது பேர். ஒருவருக்கும் தெரியாது.
ஹோர்ன் அடித்தேன்.
முன்னால் ஒன்றுமில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய், நெல்லியடியில்
தேத்தண்ணிக்கு இறங்கி நடந்தேன்.
கொண்டக்ரர் றஜீபன் பின்னால் ஓடிவந்தான்,
கையில் ஒற்றைச் செருப்பு.
"அண்ணை, இது உங்கடையெல்லோ?"
குனிந்து பார்த்தேன். இடது பாதம் வெறும்பாதம்.
மத்தியான வெய்யில், தார் றோட்டு.
சுடவில்லை.

நொந்த நாளெல்லாம் பயப்படாதவன்
அன்றைக்குப் பயந்தேன்.

பெரியாஸ்பத்திரி கிளினிக். நம்பர் எண்பத்துமூன்று.
டொக்டர் அபிதாரணிக்கு முப்பது வயதும் வராது.
"நோகுதோ, உளையுதோ, எரியுதோ, விறைக்குதோ?"
எந்த அரிசி வேணும் என்று கேட்கிறமாதிரிக் கேட்டார்.
யோசித்தேன்.
விடிய எழும்பும்போது உளைவு.
ஸ்ரியறிங்கில் இரண்டு மணித்தியாலம் போனால் எரிவு.
ராவில் பாதத்தில் எறும்பு ஊரும்,
லைற்றைப் போட்டால் எறும்பில்லை.
இப்ப, விறைப்பு.
இத்தனை சொல் என்னிடம் இருந்தது
கேட்கும்வரை எனக்கே தெரியாது.
வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்:
"ஒண்டுமில்லை."

மல்லாக்கக் கிடத்தி, முழங்கால் மடியாமல்
இடது காலை மெல்ல உயர்த்தினார்.
றெயில் கடவைக் கட்டை பாதி எழும்பமுதலே
கத்திவிட்டேன்.
அவர் முகத்தில் ஆச்சரியமில்லை,
தேடின பொருள் வைத்த இடத்திலேயே இருந்ததுபோல.

"பெருவிரலை உங்கட பக்கம் தூக்குங்கோ, நான் அமத்துவன்."
ஒற்றை விரலால்தான் அமத்தினார்.
"தூக்குங்கோ."
"தூக்கிக்கொண்டுதான் இருக்கிறன், டொக்டர்."

பேனையை மூடிவிட்டுக் குரலைக் குறைத்தார்.
"சைக்கிள் சீற் படுற இடம் விறைக்குதோ?
சலம் போறது தெரியுதோ?"
தெரியுது என்றேன், நிலத்தைப் பார்த்து.
"தெரியாமல் போனால் கிளினிக் நாள் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.
நடுச்சாமமெண்டாலும் உடன வாங்கோ."
ஸ்கானுக்குத் துண்டு எழுதினார்.
இப்போதைக்குப் பஸ் ஓடக்கூடாது என்றார்.
அந்த ஒரு வசனம்மட்டும் காதில் விழாதவன்போல
துண்டை நாலாய் மடித்தேன்.

திரும்பும்போது என் பஸ்ஸிலேயே ஏறினேன்.
றஜீபன் காசு வாங்கவில்லை.
"இருங்கோ அண்ணை, சீற் கிடக்கு."
நிற்கிறேன் என்றேன்.
என் குஷனில் ஒரு புலோலிப் பெடியன்,
கியர் மாத்துவதில் அவசரக்காரன்.

அவன் கிளச்சை மிதித்த ஒவ்வொரு தடவையும்
செருப்புக்குள் என் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தேன்.
இருபாலையில் எழும்பினதுபோல இருந்தது.
கோப்பாயில், வலிகாமம் கிழக்கு என்றொரு பலகை;
முதல் இரண்டு எழுத்தைத்தான் கண் வாசித்தது.
வல்லையில் காற்று,
பஸ் முழுக்க ஆடியது.
அங்கே எழும்பினதோ இல்லையோ,
சொல்லத் தெரியவில்லை.